ஆளுக்குப் பத்து பேருக்கு அனுப்புங்க

2005ல நடந்த கதை. அப்போ எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை. ஆவடி பக்கம் ஒரு சின்ன குழந்தைகள் இல்லம் (பேரு வேணாமே), ஸ்கூல் பீஸ் கட்ட காசில்லைன்னாங்க. நமக்குத்தான் யாகூ மெயில் இருக்கே! ஒரு பையனோட போட்டோ, பேரு, படிக்கிற வகுப்பு, அப்பா எப்படி இறந்தார்ங்கிற விவரம் எல்லாத்தையும் போட்டு, "ஆளுக்குப் பத்து பேருக்கு அனுப்புங்க"ன்னு முடிச்சேன். பத்தே நாள்ல பணம் சேர்ந்துடுச்சு. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

போன வருஷம் அந்தப் பையன் போன் பண்ணினான். கல்யாணமாகி ஆறு மாசமாம். "அண்ணே, அந்தப் போட்டோ இன்னும் சுத்துதுண்ணே. மாமனார் வீட்டு வாட்ஸப் குரூப்புக்கே வந்துடுச்சு. எடுக்க முடியுமா?"

என்னத்தச் சொல்ல?

நம்ம மேற்குப் பக்கம் சேவை அமைப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. 1983ல வித்யாகர் ஆரம்பிச்ச உதவும் கரங்கள் திருவேற்காட்டுல இருக்கு. 1988ல தொடங்கின சேவாலயா, திருநின்றவூர் தாண்டி கசுவா கிராமத்துல. மனநலம் பாதிக்கப்பட்டுத் தெருவில் நிற்கும் பெண்களுக்காக 1993ல வந்த பான்யன், முகப்பேர்ல. இவங்க ஆரம்பிச்ச காலத்துல விளம்பரம்னா நோட்டீசு, ரசீது புக்கு, தெரிஞ்சவங்களுக்கு ஒரு கடுதாசி, அவ்ளோதான். அந்த நோட்டீசுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அடுத்த வாரமே அது போண்டா மடிக்கப் போயிடும். ஊரு மறந்துடும். மெயிலுக்கும் வாட்ஸப்புக்கும் அந்த மறதி கிடையாது.

இது எனக்கு உறைச்சிருக்க வேண்டியது 2015 டிசம்பர் வெள்ளத்துல. பூந்தமல்லிக்குப் பக்கத்துல செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட நேரம். சாப்பாடு வேணும், படகு வேணும்னு செல்போன் நம்பரோட ஆயிரக்கணக்குல செய்தி. பாதியில தேதியே இல்லை. எங்க தெருப் பசங்க ஒரு வீட்டுக்குப் பால் பாக்கெட்டோட போனா, "அது முந்தாநாள் கேட்டது தம்பி, ஏற்கெனவே மூணு பேர் வந்துட்டாங்க"ன்னு பதில். அதே நேரம் ரெண்டு தெரு தள்ளி ஒருத்தருக்கும் ஒண்ணும் போய்ச் சேரலை.

சட்டமும் மெதுவா பின்னாடியே வந்துச்சு. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு: பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுற குழந்தையோட பேரு, படம், பள்ளி எதையும் அடையாளம் தெரியற மாதிரி வெளியிடக் கூடாது. மீறினா ஆறு மாசம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லேன்னா ரெண்டுமே. 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம், சிகிச்சையில இருக்கவங்க சம்மதமில்லாம அவங்க படத்தை ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாதுங்குது. 2023ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதுக்கு விதிகள் 2025 நவம்பர்ல. என் 2005 மெயிலை இன்னைக்கு அனுப்பியிருந்தா நான் களி திங்க வேண்டியதுதான்.

இப்ப அதே இல்லத்துல "டிஜிட்டல் மார்க்கெட்டிங் பாலிசி" ஒண்ணு எழுதித் தரச் சொன்னாங்க. யார்கிட்ட கேக்குறாங்க பாருங்க! பேஸ்புக்ல எத்தனை மணிக்குப் போடணும், எத்தனை லைக்கு வரணும்னு நாலு பக்கம் எழுதலாம். நான் அதைத் தொடவே இல்லை. குழந்தை முகம் எதுலயும் வேண்டாம்னு ஆரம்பிச்சேன். பசங்க வரைஞ்ச படம், சமையல்கட்டு, புதுசா வாங்கின பெஞ்சு, இதெல்லாம் போதும். எந்த வேண்டுகோளா இருந்தாலும் தேதி, எவ்வளவு தேவை, எப்போ முடியும்ங்கிறதைப் படத்து மேலேயே போடணும். பணம் சேர்ந்ததும் "முடிஞ்சது, நன்றி"ன்னு அதே குரூப்புகளுக்கு இன்னொண்ணு அனுப்பணும். அதை அனுப்ப ஒரு ஆளோட பொறுப்புன்னு எழுதி வச்சிட்டேன், இல்லேன்னா யாரும் அனுப்ப மாட்டாங்க.

இல்லத்துக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்கற பதிவு கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிட்ட நம்மாளு ஒருத்தர் ஆசையா பணம் போட்டா வில்லங்கம் இல்லத்துக்குத்தான். இந்தியப் பாஸ்போர்ட்டோட அங்கே இருக்கவர் தன் சொந்தக் காசை வங்கி வழியா அனுப்பினா அந்தச் சிக்கல் இல்லை. பதிவு இருக்கவங்களும் 2020 திருத்தத்துக்கு அப்புறம் டெல்லியில இருக்குற ஸ்டேட் பாங்க் மெயின் பிராஞ்ச் கணக்குலதான் வாங்க முடியும். அதனால அக்கவுண்ட் நம்பர் போடுற இடத்துல இதையும் ஒரு வரி போடச் சொல்லியிருக்கேன்.

இன்னொண்ணு பூந்தமல்லி பார்வையற்றோர் பள்ளியில படிச்ச ஒரு நண்பர் சொல்லித் தெரிஞ்சது. "நீங்க படமாவே அனுப்பறீங்க சார், என் போன் அதை எப்படி வாசிச்சுக் காட்டும்?" அவர் மாசாமாசம் நன்கொடை கொடுக்கறவர். இத்தனை வருஷம் எனக்கு இது தோணவே இல்லை. படத்துக்குக் கீழே அதே விஷயம் எழுத்துலயும் இருக்கணும்னு சேர்த்தாச்சு.

அந்தப் பையன் போட்டோவா? எனக்குத் தெரிஞ்ச ஏழு குரூப்புல எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். நாலு பேர் எடுத்தாங்க. ரெண்டு பேர் பதிலே போடலை. இன்னொரு பெரியவர், "பாவம் சார் சின்னப் பையன், நீங்களும் ஏதாவது உதவி பண்ணுங்க"ன்னு எனக்கே திருப்பி அனுப்பியிருக்கார்.