கடற்கரைக்கு உரமிட்ட கோடை

எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா என்றாலே ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட புதுப் பிறவி என்று எண்ணும் வழக்கம் பரவலாக இருப்பதற்கு, 1980ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒரு முக்கியக் காரணம். மேற்கு வங்கத்தில் பிறந்து ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, கச்சா எண்ணெயின் வெவ்வேறு கூறுகளைச் சிதைக்கவல்ல பிளாஸ்மிடுகளை, அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனித்திருக்கும் டி.என்.ஏ. வளையங்களை, ஒரே சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்குள் சேர்த்துக் காப்புரிமை கோரினார். நீதிபதிகள் ஐவர் அவருக்கு ஆதரவாகவும் நால்வர் எதிராகவும் நின்றனர். உயிரித் தொழில்நுட்ப வணிகத்துக்கு வாசல் திறந்துவிட்ட அந்த பாக்டீரியா, எண்ணெய் படர்ந்த எந்தக் கடலிலும் இறக்கிவிடப்படவேயில்லை.

கடலில் நடந்த வரலாறு வேறு. எண்ணெயை உணவாகக் கொள்ளும் நுண்ணுயிர்கள் இயற்கையிலேயே பரவிக் கிடக்கின்றன என்பதை கிளாட் ஸோபெல் 1946ஆம் ஆண்டிலேயே விரிவாகத் தொகுத்து எழுதியிருந்தார். அப்படியிருந்தும் கசிந்த எண்ணெய் ஏன் மெல்லவே சிதைகிறது என்பதற்கு, ரொனால்டு அட்லஸும் ரிச்சர்டு பார்த்தாவும் 1972இல் விடை கண்டனர்: கச்சா எண்ணெயில் கார்பன் மிகுதி, பாக்டீரியா பெருகத் தேவையான நைட்ரஜனும் பாஸ்பரஸும் கடல்நீரில் அற்பம், குழம்பும் கறியுமில்லாமல் வெறுஞ்சோற்றை மட்டும் குவித்து வைத்த பந்தியைப் போன்றது அந்த நிலை.

இந்தக் கருத்து பெரும் அளவில் சோதிக்கப்பட்டது அலாஸ்காவில். 1989 மார்ச் 24 அன்று பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்னும் குளிர்க்கடல் உட்பகுதியில், பிளை ரீஃப் பாறைத்திட்டில் எக்ஸான் வால்டெஸ் டேங்கர் மோதி, ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கொட்டியது. கரைக்கற்களை உயர் அழுத்த வெந்நீரால் கழுவியபோது எண்ணெய் அகன்றது உண்மையே. ஆனால் எண்ணெய்க்குத் தப்பிய மட்டிகளும் கடற்பாசிகளும் வெந்நீரில் மடிந்தன. நோயைவிட மருந்து கொடிதாகிவிடும் என்ற அச்சம், மென்மையான வழியைத் தேட வைத்தது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் எக்ஸான் நிறுவனமும் இணைந்து, அவ்வாண்டுக் கோடையில் நைட் தீவின் ஸ்னக் துறையில் சோதனையைத் தொடங்கின. புதிய பாக்டீரியா எதுவும் கொண்டுவரப்படவில்லை. அங்கேயே இருந்தவற்றுக்கு உரம் மட்டும் இடப்பட்டது. அலையடித்தால் யூரியா கரைந்தோடிவிடும் என்பதால், எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும் இனிபோல் என்னும் பிரெஞ்சுத் திரவ உரத்தைக் கற்கள்மீது தெளித்தனர். இரண்டு வாரங்களுக்குள், உரமிட்ட பாத்தி மட்டும் கறுத்த கரைநடுவே வெளிறிய செவ்வகமாக, ஹெலிகாப்டரிலிருந்தே அடையாளம் காணத்தக்க அளவுக்குத் தெரிந்தது. அதைக் கண்டபின் அனுமதி விரைந்து கிடைத்து, அக்கோடை முடிவதற்குள் 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கரைக்கு உரமிடப்பட்டது.

கண்ணுக்குத் தெரிந்த வெளுப்பை அறிவியல் சான்றாகக் கொள்ள முடியாது. இனிபோலே எண்ணெயைக் கழுவி நீக்கியிருக்கலாம் என்ற ஐயம் நியாயமானதே. இதைத் தீர்க்க ஆய்வாளர்கள் ஹோபேன் என்னும் பொருளை அளவுகோலாக்கினர். எண்ணெயில் இயல்பாக உள்ள இச்சேர்மத்தை பாக்டீரியா எளிதில் தொடுவதில்லையாதலால், எண்ணெய் வெறுமனே கழுவப்பட்டிருந்தால் ஹோபேனும் பிற கூறுகளும் ஒன்றாகக் குறைந்திருக்கும். தின்னப்பட்டிருந்தால் ஹோபேன் நிற்க, மற்றவை மட்டும் குறைந்திருக்கும். 1994இல் வெளியான முடிவுகள் இரண்டாவதையே காட்டின. எண்ணெயின் அளவுக்கு ஏற்ப நைட்ரஜன் கிடைத்த இடங்களில் சிதைவு விரைவுபட்டிருந்தது.

இம்முறையின் வெற்றி மேற்பரப்போடு நின்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2001இல் அரசு அறிவியலாளர்கள் அதே கரைகளில் ஆயிரக்கணக்கான குழிகள் தோண்டியபோது, கற்களுக்கு அடியில் இன்னும் பிசுபிசுப்பு மாறாத எண்ணெய் பல இடங்களில் கிடைத்தது. எண்ணெயைச் சிதைக்க பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். நீரோட்டம் மந்தமான அந்த அடியடுக்கில் ஊட்டச்சத்தோடு ஆக்சிஜனும் குறைவு என்று பின்வந்த ஆய்வுகள் தெரிவித்தன. மேலே தெளிக்கும் உரம் அங்கே எட்டாது என்பதால், ஆக்சிஜனையும் ஊட்டத்தையும் கரைக்குள்ளேயே செலுத்திப் பார்க்கும் சோதனைகள் விபத்துக்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே நடைபெற்றன.