சிங்கப்பூர்ப் போர்க்குற்ற விசாரணைகள்: நம்மவர் சாட்சியம் எங்கே?

மாணவர்களைத் தேசியக் கலைக்கூடத்திற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், ஓவியங்களோடு அக்கட்டடத்தின் கதையையும் சொல்லுதல் நலம். அதன் ஒரு பகுதி நமது பழைய உச்ச நீதிமன்றம். 1943 அக்டோபர் 10 அன்று தொடங்கிய கைதுகளில் பொதுமக்கள் 57 பேரை வதைத்து, அவருள் 15 பேரின் சாவுக்குக் காரணமான கெம்பெய்த்தாய் படையினர் 21 பேர், 1946 மார்ச்சில் அங்கேதான் விசாரிக்கப்பட்டனர். எண்மருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது, எழுவர் விடுதலையாயினர். பகைவரையும் விடுதலை செய்யக்கூடிய நீதிமன்றம் அது என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லலாம்.

1946 முதல் 1948 வரை சிங்கப்பூரில் இத்தகைய வழக்குகள் 131 நடந்தன. அவற்றுள் முதல் வழக்கே இந்தியர் பற்றியது! தேக்காவில் வளரும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதை அறிவர்? இங்கே சிறைப்பட்ட இந்தியப் படைவீரர்கள் 1943இல் பசிபிக் பெருங்கடலின் பலாவ் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொடுமைக்குள்ளாயினர். ஒருவர் தலை வெட்டப்பட்டார். கொசாவா என்னும் அதிகாரியும் மற்ற ஒன்பதின்மரும் 1946 சனவரி 21 முதல் விசாரிக்கப்பட்டனர். தலையை வெட்டியவருக்கு மரண தண்டனை கிடைத்தது.

ஆயினும் இவை நம் மண்ணின் நீதிமன்றங்கள் அல்ல. 1945இல் பிறந்த பிரிட்டிஷ் அரச ஆணையின்படி அமைந்த இராணுவ நீதிமன்றங்கள். நீதிபதி இருக்கையில் படை அதிகாரிகள்; உள்ளூர் மக்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் சாட்சிக் கூண்டு. மேல்முறையீடும் கிடையாது, மனு மட்டுமே அளிக்கலாம். 1947இல் சூக் சிங் படுகொலை வழக்கில் எழுவருள் இருவருக்கே தூக்கு என்றதும் சீனச் சமூகம் கொதித்தெழுந்தது.

நம்மவர் நிலை அதனினும் பரிதாபம். சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர், அங்கு மாண்ட போர்க்கைதிகளைவிடப் பன்மடங்கினர். அவருள் மலாயாத் தோட்டத் தமிழர் ஏராளம். படைப்பிரிவில் பெயர்ப் பட்டியல் உண்டு. நாட்குறிப்பு எழுதும் அதிகாரி உண்டு. பால்மரத் தொழிலாளிக்கு யார் இருந்தார்? நீதிமன்றம் அமைப்பது என்றால் நீதிபதியை அமர்த்துவது மட்டுமன்று. எழுத்தறியாதவரைத் தேடிச் சென்று, அவர் மொழியிலேயே கேட்டு எழுதும் ஆள்களும் வேண்டும் என்பேன்.

சொந்த நாட்டு நீதிமன்றமே விசாரித்தால் குறை தீருமா? இலங்கையின் மிருசுவிலில் 2000 டிசம்பரில் தம் வீடுகளைப் பார்க்கச் சென்ற தமிழர் எண்மர் கொல்லப்பட்டனர். தப்பி வந்த ஒருவரின் சாட்சியம் வழக்கைத் தாங்கியது. 2015 சூனில் கொழும்பு உயர் நீதிமன்றம் ஓர் இராணுவத்தினருக்கு மரண தண்டனை விதித்தது; 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சட்டமும் இருந்தது, சாட்சியும் இருந்தது, நீதிபதிகளும் தம் கடமையைச் செய்தனர். 2020 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் பொதுமன்னிப்பில் அவர் விடுதலையானார்.