துண்டு விழுந்த கணக்கும் களவுபோன பணமும்

கணக்கில் துண்டு விழுந்தது என்ற சேதி மேலிடத்தை எட்டியதும் அலுவலகங்களில் எழும் முதல் கேள்வி, ‘யார் எடுத்தது?’ என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று உண்டு: பணம் உண்மையிலேயே போனதா? துண்டு என்பது ஏட்டில் தெரியும் வேறுபாடு. களவு என்பது ஓர் ஆள் செய்த செயல். முன்னதைக் காட்டிப் பின்னதை நிறுவிவிட்டதாக நினைப்பதே கையாடல் விசாரணைகளின் தலையாய பிழை என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்குக் கிடைக்கும் சான்றுகளில் மிகக் கொடியது பிரிட்டன் அஞ்சல் நிறுவனத்தின் ஹொரைசன் வழக்கு வரிசை.

1999 முதல் அந்நாட்டு அஞ்சலகக் கிளைகளுக்கு ஹொரைசன் என்ற கணினிக் கணக்குமுறை வந்தது. அதை நடத்தியது ஃபுஜிட்சு என்ற கணினி நிறுவனம். கிளைகளில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் சம்பள ஊழியர்கள் அல்லர். பலர் தங்கள் கடையின் ஒரு மூலையில் அஞ்சல் சாளரம் வைத்திருந்த ஒப்பந்தக்காரர்கள். 2015 வரை இவர்களில் 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். அவர்கள்மீதான வழக்குகளில் ஏறத்தாழ 700ஐ அஞ்சல் நிறுவனம் தானே தொடுத்தது. பணத்தை இழந்ததாகச் சொன்னதும், துப்புத் துலக்கியதும், வழக்கு நடத்தியதும் ஒரே வீடு.

ஹாம்ப்ஷயரில் சவுத் வார்ன்பரோ என்ற சிற்றூரில் கிளை நடத்திய ஜோ ஹாமில்டனின் கணக்கு ஒருநாள் 2,000 பவுண்டு இடித்தது. உதவி எண்ணை அழைத்தார். மறுமுனையில் இருந்தவர் இதை அழுத்துங்கள், அதை அழுத்துங்கள் என்று சொல்லச் சொல்ல இவரும் செய்தார். அவர் கண்ணெதிரிலேயே 2,000 என்பது 4,000 ஆயிற்று. கடைசியில் 36,000 பவுண்டு திருடியதாகக் குற்றச்சாட்டு. திருட்டுக்கோ, ரொக்க எண்ணிக்கையை வேண்டுமென்றே கூட்டிக் காட்டியதற்கோ சான்று கிடைக்கவில்லை என்று நிறுவனத்தின் விசாரணையாளரே அறிக்கையில் எழுதியிருந்தார். ஆயினும் வழக்கு ஓடியது. திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிடுவதற்கு ஈடாக, பொய்க்கணக்கு எழுதியதாக ஹாமில்டன் ஒப்புக்கொண்டார்.

அந்த ஒப்புதலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பழைய முறையில் விளங்காத தொகையை அனாமத்துக் கணக்கில் போட்டு வைத்து, பிறகு ஆராயலாம். 2005இல் கிளைகளிடமிருந்து அந்த வசதி பறிக்கப்பட்டது. கணக்குக் காலம் முடியும் நாளில், பணத்தைக் கட்டவோ கடனாக ஏற்கவோ செய்யாமல் மறுநாள் கடை திறக்க வழியில்லை. ‘இந்தத் தொகையை நான் ஏற்கவில்லை’ என்று சொல்லத் திரையில் ஒரு பொத்தான்கூட இல்லை. இப்படி ஒரு மூலையில் நிறுத்தப்பட்டவர், கையில் இல்லாத ரொக்கத்தை இருப்பதாகக் காட்டிவிட்டு மறுநாள் கடை திறந்தால், அது எதற்குச் சான்று? அவருடைய அச்சத்துக்குச் சான்று. பணம் எங்கே போனது என்பதற்கு அதில் விடையில்லை. திருடிய பணம் எங்கோ போய்ச் சேர வேண்டும்: வங்கிக் கணக்கு, கடன் அடைப்பு, நகை, சூதாட்டம். அந்தத் தடம் பல வழக்குகளில் தேடப்படவே இல்லை. ஃபுஜிட்சுவிடம் இருந்த விரிவான பரிவர்த்தனைப் பதிவையும் பல வழக்குகளில் கேட்டு வாங்கவில்லை. சந்தேகத்துக்கு உரியவருக்குச் சாதகமான தடங்களையும் தேட வேண்டும் என்ற கடமையை, குற்றப் புலனாய்வு பற்றிய 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த நெறிமுறை விதித்திருந்தும் இந்த நிலை.

கிளை நடத்தியவர்கள் 555 பேர் அஞ்சல் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், ஹொரைசனின் பிழைகளால் கிளைக் கணக்கில் துண்டு விழக்கூடும் என்றும், கிளைக்காரர் அறியாமலே ஃபுஜிட்சு அக்கணக்கில் கை வைக்க முடியும் என்றும் நீதிபதி ஃபிரேசர் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தார். 2021 ஏப்ரலில் ஹாமில்டன் உட்பட 39 பேரின் தண்டனைகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது.

இதற்கு நேர்மாறான வழக்கு மும்பையில், பஞ்சாப் நேஷனல் வங்கியின் பிராடி ஹவுஸ் கிளையில் நடந்தது. அங்கே வாடிக்கையாளரின் கடனுக்கு வங்கி பொறுப்பேற்கும் பொறுப்புறுதிக் கடிதங்கள் மோசடியாக வழங்கப்பட்டு, வங்கிகளுக்கிடையிலான செய்தி வலையமைப்பான ஸ்விஃப்ட் வழியே வெளிநாட்டுக் கிளைகளுக்குப் போயின; வங்கியின் மையக் கணினி ஏட்டில் ஏறவில்லை. ஏட்டளவில் துண்டே இல்லை. தொடர்புடைய அலுவலர் ஓய்வுபெற்றபின், புதிதாக வந்தவர் முழு ஈட்டுத்தொகை கேட்டார்; முன்பெல்லாம் கேட்டதில்லையே என்றார்கள் வாடிக்கையாளர் தரப்பில். விவகாரம் வெளிப்பட்டது அப்படித்தான். 2018 பிப்ரவரியில் வங்கி அறிவித்த தொகை சுமார் 11,400 கோடி ரூபாய். ஒரே ஏட்டை எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் இது தெரிந்திராது. வேறொருவர் கையிலிருக்கும் ஏட்டோடு, இங்கே ஸ்விஃப்ட் பதிவோடும் எதிர்வங்கியின் கணக்கோடும், ஒப்பிட்டால்தான் அது சரிபார்ப்பு.

சட்டம் இந்த வேலையைச் செய்துவிடும் என்று நம்புவதற்கில்லை. கணினி சரியாக இயங்கியது என்று காட்டும் பொறுப்பை விதித்த பிரிவை இங்கிலாந்து 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கியது. ஹொரைசன் பரவிய காலமும் அதுவே. இந்தியா 2000இல் சாட்சியச் சட்டத்தில், கணினிப் பதிவுகளுக்குச் சான்றிதழ் கேட்கும் 65பி பிரிவைச் சேர்த்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியமோ நிபுணர் சான்றையும் ஹேஷ் மதிப்பையும் கேட்கிறது. நல்லதுதான். ஆனால் நகலெடுத்தபின் கோப்பு மாறவில்லை என்பதையே ஹேஷ் காட்டும்; கோப்பில் ஏறியது உண்மையா என்பது அதன் வேலையல்ல. துறைசார் உள்விசாரணைகளுக்கோ சாட்சியச் சட்டத்தின் கண்டிப்பான விதிகள் பொருந்துவதில்லை. ஹரியானா பேருந்து நடத்துநர் ஒருவரின் வழக்கில், பயணிகளை விசாரிக்காததால் மட்டும் விசாரணை செல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் சொன்னது. ‘சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுது’ என்ற ஒற்றை வரியில் ஒருவரின் வேலை போகாமல் காப்பது, நடைமுறையில், விசாரணை அலுவலரின் மனச்சாட்சி மட்டுமே.

அவர் முதல் நாளே கேட்டு வாங்க வேண்டிய ஏடு எது? துண்டு விழுந்த கிளையின் பேரேடு என்று பலரும் சொல்வார்கள். என் விடை வேறு: புகார் பதிவேடு. ஹொரைசன் உதவி எண்ணை அழைத்தவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், ‘இந்தச் சிக்கல் உங்களுக்கு மட்டும்தான்’ என்பது. அதே நாளில் அதே எண்ணுக்கு வந்த மற்ற அழைப்புகளின் குறிப்பு அந்த உதவி மையத்துக்குள்தான் இருந்தது.