பிணத்தின் மேல் விழுந்த பழி!

ரத்தக் காட்டேரி என்றதும் உங்கள் கண்முன் யார் வருகிறார்? கறுப்பு அங்கி, வெளுத்த முகம், இரண்டு கோரைப்பற்கள், மலை உச்சியில் ஒரு கோட்டை... டிராகுலா பிரபுதானே? ஸாரி, ஐரோப்பாவைக் கிடுகிடுக்க வைத்த காட்டேரி ஒரு சாதாரண கிராமத்து ஆள்!

வருடம் 1725. செர்பியாவின் வடபகுதி அப்போது ஆஸ்திரியாவின் கையில். கிசிலோவா என்ற கிராமத்தில் பீட்டர் ப்ளோகோயோவிட்ஸ் என்பவர் இறந்து பத்து வாரம் ஆகியிருந்தது. திடீரென்று எட்டே நாளில் ஒன்பது பேர் அடுத்தடுத்து செத்துப்போனார்கள். பீட்டர் தூக்கத்தில் வந்து மேலே படுத்துக் கழுத்தை நெரித்ததாகச் சாகும்முன் அவர்கள் சொல்ல, ஊரே திரண்டு ஆஸ்திரிய அதிகாரியிடம் போனது. குழியைத் தோண்ட அனுமதிக்காவிட்டால் ஊரையே காலி செய்துவிடுவோம் என்று மிரட்டல்!

வேறு வழியில்லாமல், ஒரு பாதிரியாரையும் அழைத்துக்கொண்டு போனார் அதிகாரி. தோண்டிப் பார்த்தால்... உடல் அழுகவில்லை. முடி, தாடி, நகம் வளர்ந்திருந்தன. வாயில் ரத்தம்! கிராமத்தார் கூரான கழியை நெஞ்சில் இறக்க, காதிலும் வாயிலும் ரத்தம் கொப்பளித்தது. பிறகு உடலை எரித்துவிட்டார்கள். அதிகாரியின் ரிப்போர்ட் வியன்னா பத்திரிகையில் வெளியாக, 'வேம்பயர்' என்ற சொல் பரவத் தொடங்கியது.

அதிகாரி பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் எழுதினார். பார்த்ததற்கு அர்த்தம்தான் தெரியவில்லை. இறந்த உடலுக்குள் வாயு சேரும், உடல் உப்பும். அந்த அழுத்தத்தில் ரத்தம் கலந்த திரவம் வாய்க்கு ஏறும். தோல் சுருங்குவதால் முடியும் நகமும் வளர்ந்த மாதிரி தெரியும். மண்ணும் குளிரும் சேர்ந்தால் அழுகுவது தள்ளிப்போகும். அவ்வளவுதான்!

1755-ல் பேரரசி மரியா தெரசா, தன் டாக்டர் வான் ஸ்வீட்டனின் அறிக்கையைப் படித்துவிட்டு, ஜனங்கள் இஷ்டத்துக்குப் பிணங்களைத் தோண்டத் தடை போட்டார்.

பிறகு எழுத்தாளர்கள் வந்தார்கள். கவிஞர் பைரனின் டாக்டராக இருந்த ஜான் பாலிடோரி 1819-ல் வெளியான தன் கதையில் காட்டேரியைப் பிரபுவாக்கினார். 1897-ல் பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா. ஆனால், அந்த நாவலில் டிராகுலா லண்டன் வீதியில் பட்டப்பகலில் நடமாடுவார்! வெயில் பட்டால் காட்டேரி அழியும் என்பதைப் பிரபலமாக்கியது 1922-ல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் சினிமா.

டிராகுலா நாவல் வெளிவருவதற்கு ஐந்து வருடம் முன்பு, நிஜத்தில் ஒன்று நடந்தது. அமெரிக்கா, ரோட் ஐலண்ட் மாநிலம், எக்ஸிடர் என்ற ஊர். ஜார்ஜ் பிரவுன் என்ற விவசாயியின் மனைவியும் மூத்த மகளும் காசநோயில் ஏற்கெனவே போய்விட்டார்கள். 1892 ஜனவரியில் இன்னொரு மகள் மெர்ஸி போனாள். வயது 19. மகன் எட்வினும் இருமிக்கொண்டிருந்தான். குடும்பத்தில் இறந்தவர்களில் யாரோ ஒருவர்தான் எட்வினை உறிஞ்சுகிறார் என்று அக்கம்பக்கத்தார் அப்பாவை நச்சரித்தார்கள். அவருக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும், மகனாச்சே!

மார்ச் 17. மூன்று உடல்களையும் பார்த்தார்கள். அம்மாவும் அக்காவும் வெறும் எலும்பு. மெர்ஸி மட்டும் கலையாமல் இருந்தாள். இரண்டு மாதக் கடும் பனியில் கிடந்த உடல் வேறெப்படி இருக்கும்? நுரையீரலில் காசநோய் இருப்பதைக் கூட இருந்த டாக்டர் சொன்னார். கேட்பாரில்லை. இதயத்தை எடுத்து எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கலந்து எட்வினுக்குக் கொடுத்தார்கள். இத்தனைக்கும் காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடித்துப் பத்து வருடம் ஆகியிருந்தது!

இரண்டே மாதத்தில் எட்வினும் இறந்துபோனான்.

மெர்ஸியின் கல்லறையைத் தேடி இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள். தலைமாட்டுக் கல்லை யாரும் திருடிக்கொண்டு போகாமலிருக்க, இரும்புப் பட்டை போட்டு இறுக்கி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் பார்க்க விரும்புவது, நோயில் செத்த அந்தப் பெண்ணை அல்ல... காட்டேரியை!