சைக்கிளுக்கு விட்ட ஓரம்

பிரிட்டனில் சைக்கிளுக்கென்று முதல் சாலையோரத் தனிப்பாதை போட்டபோது அதை எதிர்த்துக் கிளம்பியவர்கள் சைக்கிள்காரர்கள்தான். 1934 டிசம்பர். லண்டனுக்கு மேற்கே வெஸ்டர்ன் அவென்யூ சாலையின் இருபுறமும், எட்டரை அடி அகலத்தில், இரண்டரை மைல் நீளத்துக்கு கான்கிரீட் பாதை. போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர் பெலிஷா வந்து திறந்து வைத்தார். சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப்புக்கு அது பிடிக்கவில்லை. இன்றைக்கு 'இந்தா, உனக்குத் தனி வழி' என்பார்கள். நாளைக்கு 'பெரிய ரோட்டில் உனக்கென்ன வேலை' என்று கேட்பார்கள் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தக்கலையில் தேசிய நெடுஞ்சாலை ஓரமாகக் காலை எட்டரை மணிக்கு நின்று பாருங்கள். வெள்ளைக் கோட்டுக்கு இடப்புறம் மிஞ்சுகிற கொஞ்சம் மண்ணும் தாருமே பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள் பாதை. சவாரிக்குக் காத்து நிற்கும் ஆட்டோவுக்கும், பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஆள் இறக்கிவிட்டு நிழல் தேடும் டாக்சி வேனுக்கும் அதுவேதான் இடம். யாரும் திட்டம் போட்டுப் பங்கு பிரித்ததில்லை. பெரிய வண்டிகளுக்குப் போக மீந்ததைச் சின்னவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

தனிப்பாதையின் பிறப்பு இன்னும் பழையது. நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் மாலிபான் என்ற மரநிழல் சாலையில் 1885ல் ஒன்று வந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில், ஓஷன் பார்க்வே வழியாகக் கடற்கரைக்குப் போக 1894ல் ஒன்று. இரண்டும் உல்லாசத்துக்கானவை. சைக்கிள் அப்போது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு. குண்டும் குழியுமான சாலையில் அவர்களுக்கு உடம்பு குலுங்காமல் போகவேண்டும், அவ்வளவுதான். கார் பெருகியபிறகு நோக்கம் திரும்பிவிட்டது. சைக்கிளுக்கு நல்லது செய்ய அல்ல, காருக்கு இடைஞ்சல் இல்லாதிருக்கவே 1934ல் பாதை போட்டார்கள் என்று கிளப்பார் நினைத்தார்கள்.

மூன்றாவது பிறப்புதான் நிலைத்தது. அது பிறந்தது இழவு வீட்டில். 1971ல் நெதர்லாந்தின் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் செத்தார்கள். அதில் 400க்கும் மேல் குழந்தைகள். மகளைச் சாலை விபத்தில் பறிகொடுத்த விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர், குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மார் தெருவில் இறங்கினார்கள். 1973ல் எண்ணெய் நெருக்கடி வேறு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே அரசு தடைபோட்டது. பெட்ரோல் இல்லாத ஊர் எப்படியிருக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டார்கள். இரண்டாண்டு கழித்து ஹேக் நகரிலும் தில்பர்கிலும் அரசுப் பணத்தில் மாதிரிப் பாதைகளுக்கு வேலை தொடங்கியது.

லண்டன் வேறு வழியில் போனது. 1968ல் வாக்ஸ்ஹால் பாலத்தில் பஸ்ஸுக்கு மட்டும் என்று ஒரு வரிசையை ஒதுக்கினார்கள். நாளாவட்டத்தில் அப்படிப் பல தெருக்களில் ஒதுக்கி, கருப்பு டாக்சியையும் சைக்கிளையும் அதற்குள் விட்டார்கள். டாக்சிக்கு ஏன் அந்தச் சலுகை? ஓரமாக வந்தால்தானே கைகாட்டுகிறவரை ஏற்ற முடியும்! போனில் பதிவு செய்து வரும் மினிகேப் வண்டிக்கு அனுமதி இல்லை. 2010ல் அப்படி உள்ளே புகுந்த மினிகேப் ஓட்டுநர்களுக்கு அபராதம் விழ, அவர்கள் கம்பெனி வழக்கை லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம்வரை இழுத்தது. கருப்பு டாக்சியை மட்டும் விடுவது அரசு காட்டும் முறைகேடான சலுகை ஆகாது என்றே 2015 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. இத்தனை வாதத்திலும் டாக்சியின் உரிமை பேசப்பட்டதே தவிர, அதே வரிசையில் மிதித்துப் போகிறவன் வழக்கில் கட்சிக்காரனே இல்லை.

நம் நாட்டுக் கதை தில்லியில். அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த்வரை 5.8 கிலோமீட்டர் சாலை. ஐஐடி பேராசிரியர்கள் தினேஷ் மோகனும் கீதம் திவாரியும் முன்வைத்த யோசனை: நடுவே பஸ், அடுத்துக் கார், இடது ஓரம் முழுக்கச் சைக்கிளுக்கு. 2008ல் திறந்தார்கள். நெரிசலில் மாட்டிய மோட்டார் பைக்குகள் சைக்கிள் பாதைக்குள் ஏறின. பஸ் வரிசையில் காரையும் விடு என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கு. 2012ல் தள்ளுபடி ஆனது. கோர்ட்டில் ஜெயித்தது அரசியலில் தோற்றது. 2016ல் இடித்துவிட்டார்கள். சென்னை மாநகராட்சியும் 2014ல் நடப்பவருக்கும் மிதிப்பவருக்கும் முன்னுரிமை என்று ஒரு கொள்கை வகுத்து, போக்குவரத்துச் செலவில் அறுபது சதவீதத்தை அவர்களுக்கென்று எழுதிவைத்தது. காகிதத்தில் அருமையான கொள்கை.

தமிழ்நாட்டில் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லாமல் கொடுக்கிறது. அதை மிதித்துப் போக ஓர் ஓரம் சேர்த்துக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. தக்கலை நெடுஞ்சாலை வழிவிடத் தெரியாத சாலையும் அல்ல. நவராத்திரிக்கு பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் புறப்பட்டால் யானைக்கு லாரி ஒதுங்கி நிற்கிறது. அரசர்கள் பத்மநாபபுரத்திலிருந்து தலைநகரை மாற்றிக்கொண்டு போய் இருநூறு ஆண்டுக்கு மேலாகியும் அந்த மரியாதை குறையவில்லை. மிதித்துப் போகும் பிள்ளைக்கு மட்டும் அது கிடைப்பதில்லை.

பத்மநாபபுரம் கோட்டைக்குள் எனக்குக் கவலை குறைவு. கருங்கல் மதிலுக்குள்ளே தெரு ஒடுக்கம், வளைவு அதிகம். டாக்சிக்காரர் விரும்பினாலும் விரட்ட முடியாது. மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே எல்லா வண்டியும் கலந்து போகலாம், கோடே வேண்டாம். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. அன்றைக்கு வேனும் வராது.

நெடுஞ்சாலை அப்படியல்ல. அங்கே பெயிண்டை நம்பிப் பிள்ளையை அனுப்ப முடியாது, அரையடி உயரத்துக்காவது கல் பதிக்கவேண்டும். அதற்கு முன்னால் ஆட்டோ ஸ்டாண்டையும் வேன்கள் நிற்கும் இடத்தையும் எங்கே வைப்பது என்று ஓட்டுநர்களை உட்காரவைத்துப் பேசவேண்டும். கேட்காமல் கல்லைப் போட்டால் மறுநாள் காலையில் கல்லுக்கு உள்பக்கம்தான் வண்டி நிற்கும்.