கோல்ட்ரேன், ஜான் (1926–1967)

அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர், இசைக்குழுத் தலைவர். வட கரோலினாவின் ஹாம்லெட்டில் பிறந்தவர். கடற்படைப் பணிக்குப் பின் டிஸி கில்லெஸ்பி குழுவிலும், 1955 முதல் மைல்ஸ் டேவிஸ் குழுவிலும் வாசித்தார். ஹெராயின் பழக்கத்தால் 1957இல் அந்த இடத்தை இழந்தார். அதே ஆண்டில் பழக்கத்தை உதறிவிட்டு, பியானோ மேதை தெலோனியஸ் மங்க்குடன் நியூயார்க்கில் மாதக்கணக்கில் வாசித்தார். அதுவே அவருடைய குருகுலம் எனலாம்.

பின்னர் மெக்காய் டைனர் (பியானோ), ஜிம்மி காரிசன் (பாஸ்), எல்வின் ஜோன்ஸ் (டிரம்ஸ்) ஆகியோருடன் அமைத்த நால்வர் குழுவே அவர் புகழுக்கு அடித்தளம். அக்குழு 1964 டிசம்பர் 9 அன்று பதிவுசெய்த 'எ லவ் சுப்ரீம்' நான்கு பகுதிகள் கொண்ட இறைவழிபாடு. இறுதிப் பகுதியில், தாமே எழுதிய பிரார்த்தனையை வாய்திறந்து பாடாமல், சொல்லுக்குச் சொல் சாக்ஸபோனில் ஊதுகிறார். சாகித்தியத்தை நாகசுரத்தில் கேட்டுப் பழகிய செவிக்கு இது அந்நியமாகத் தோன்றாது. இந்திய இசையில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், 1965இல் பிறந்த மகனுக்கு சிதார் கலைஞர் ரவிசங்கரைப் போற்றி ரவி என்று பெயரிட்டார்.

அதே ஆண்டு தம்மையும் சேர்த்துப் பதினொரு கலைஞர்களைக் கொண்டு பதிவுசெய்த 'அசென்ஷன்' மரபான ஜாஸின் வரம்புகளை உடைத்தது. பழைய ரசிகர்கள் பலர் விலகினர். 1967 ஜூலை 17 அன்று, 40 வயதில், கல்லீரல் புற்றுநோயால் இறந்தார்.