மூன்று பென்னியும் ஒரு நெசவாளியின் வமிசமும்

மன்னர்களின் கொடிவழியைத் தேடுவோர்க்குக் கல்வெட்டும் காவியமும் துணை நிற்கும். பெய்ஸ்லி நகரத்து ஏழை நெசவாளி ஒருவரின் பாட்டனார் யாரென்று கேட்டால் எங்கே போவது?

ஸ்காட்லாந்தில் இத்தகைய தேடலைப் பெரும்பாலும் இறப்புப் பதிவிலிருந்தே தொடங்குகின்றனர். பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் அரசே பதியும் முறை அங்கு 1855 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இறந்தவரின் தந்தை பெயரோடு தாயின் பெயரையும், அவர் மணமாகுமுன் கொண்டிருந்த குடிப்பெயரையும் எழுதுவது விதி. அண்டையிலுள்ள இங்கிலாந்தின் இறப்புப் பதிவில் அன்று இதற்கு இடமில்லை. ஸ்காட்லாந்துப் பெண் மணந்த பின்னும் ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயரை இழப்பதில்லை. தந்தை பெயரை இறுதிவரை தாங்கும் நம் இல்லத்துப் பெண்கள் சிலருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

அந்த முதலாண்டுப் பதிவேடு ஒரு புதையல் எனலாம். இறந்தவர் பிறந்த ஊர், இறந்த ஊரில் வாழ்ந்த காலம், துணைவர் பெயர், மக்களின் பெயரும் வயதும் எல்லாம் அதில் உண்டு. எழுத்தர்களால் இச்சுமையைத் தாங்க இயலவில்லை. மறு ஆண்டே பல கட்டங்கள் நீக்கப்பட்டன. 1856இல் இறந்தவரின் பதிவில் பிறந்த ஊர் இராது. 1851ஆம் ஆண்டு மக்கட்கணக்கில்தான் அதைத் தேடவேண்டும். பதிவையும் அப்படியே நம்பிவிடலாகாது. செய்தி சொன்னவர் துயரத்திலிருந்த மகனோ அண்டை வீட்டாரோ ஆவார்; பாட்டியின் பெயரை அவர் அறியாதிருந்திருக்கலாம்.

1855க்கு முன் தேவாலயப் பதிவேடுகளே கதி. எரல் என்னும் ஊரின் ஏடு 1553இலேயே தொடங்குகிறது. பல ஊர்களுக்கு இந்தப் பேறு இல்லை. இடையில் 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி விதித்தனர். 1794இல் அது நீங்கும்வரை பதியாமலே விட்ட குடும்பங்கள் பல. அவர்களின் பிள்ளைகள் ஏட்டில் இல்லாமலே வளர்ந்தனர்.

ஏடு கைவிடும்போது வழக்கம் கைகொடுப்பதுண்டு. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரையும், அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரையும் இடுவது அங்குப் பரவலான மரபு. பேரனைப் ‘பெயரன்’ என்ற தமிழனுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் மரபு சான்றாகாது, குறிப்பு மட்டுமே.

அடக்கத்தைப் பதியாத ஊர்களிலும், சவப்பெட்டியின்மேல் போர்த்தும் துணியை வாடகைக்கு விட்ட கணக்கைத் தேவாலயத்தார் எழுதி வைத்ததுண்டு. அவ்வருவாய் ஏழைகளுக்கான நிதியில் சேர்ந்தது. அக்கணக்கில் பெரும்பாலும் பெயரும் தொகையுமே இருக்கும். குழந்தைக்குப் போர்த்தும் சிறிய துணிக்கு வாடகை குறைவு. ஆகவே இறந்தது குழந்தையா பெரியவரா என்பதை அத்தொகையைக் கொண்டே சில இடங்களில் உய்த்துணர வேண்டியிருக்கிறது.